முதலில் மீட்டர், பிறகு மொட்டைமாடி
வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மின்கட்டணத்தைப் பற்றியவை. நான் 31 ஆண்டுகள் மின்பொறியாளராக வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது கூப்பிட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு மீட்டர் பெட்டியைப் பார்க்கப் போய்விடுவேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அன்புள்ள அம்மா, இந்த ஓராண்டில் எங்கள் வீட்டில் புதிதாக எந்தச் சாதனமும் வாங்கவில்லை. ஆனாலும் மின்கட்டணம் ஒன்றரை மடங்காகிவிட்டது. கடன் வாங்கியாவது சோலார் பேனல் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கோ பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள், சகோதரி. அந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

கடந்த ஈராண்டு ரசீதுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொகையைப் பார்க்காதீர்கள், யூனிட்டை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு ரசீதிலும் உள்ள யூனிட்டை, அது எத்தனை நாளுக்கானதோ அந்த எண்ணால் வகுத்து ஒரு தாளில் எழுதுங்கள். 28 நாள் ரசீதையும் 33 நாள் ரசீதையும் வகுக்காமல் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். போன ஆண்டு நாளொன்றுக்கு 8 யூனிட், இந்த ஆண்டும் 8 யூனிட் என்றால் வீட்டில் எதுவும் மாறவில்லை, விலைதான் ஏறியிருக்கிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது எரிவாயு விலை எப்படித் தாவியது என்று பார்த்தோம். எங்கோ ஏறும் எரிபொருள் விலை கடைசியில் நம் ரசீதில்தான் வந்து உட்காருகிறது.

ஆனால் 8 என்பது 11 ஆகியிருந்தால், வீட்டுக்குள் ஏதோ ஒன்று மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும் முறை உங்கள் பகுதியில் இருந்தால், கூடுதலான அந்த 3 யூனிட்டும் மேல்படி விலையில்தான் விழும். யூனிட் கொஞ்சமாகக் கூடியும் தொகை நிறையக் கூடுவது அதனால்தான்.

தின்பது எது என்று கண்டுபிடிக்க மீட்டரே உதவும். எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது அதன் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவில் எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, ஃபிரிட்ஜின் பிளக்கையும் கழற்றிவிட்டு அந்த விளக்கைப் பாருங்கள். மின்னவே கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் இப்படித்தான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வீட்டுக்காரர்களும் நானும் மாடிப்படிக்குக் கீழே இருட்டில் நின்றோம். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 11 விநாடிக்கு ஒருமுறை அந்த விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. 3200 மீட்டரில் 11 விநாடி இடைவெளி என்றால் கிட்டத்தட்ட 100 வாட். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். இரவும் பகலும் போனால் நாளுக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். ஒவ்வொரு பிரேக்கராகக் கீழே இறக்கிப் பார்த்தோம். தோட்டத்து விளக்குக்குப் போகும் பிரேக்கரை இறக்கியதும் மீட்டர் விளக்கு மின்னுவது நின்றது. தோட்டத்து விளக்கின் சுவிட்ச் அதன் கம்பத்திலேயே இருந்தது. அதை அணைத்திருந்தாலும், அதுவரை மண்ணுக்கடியில் போகும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். வயர் போகும் குழாய்க்குள் தண்ணீர் இறங்கி வயரின் உறை வெடித்து, மின்சாரம் ஈர மண்ணில் கசிந்துகொண்டிருந்தது. குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடும் இடம் அது. கசிவை உணர்ந்து தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த வீட்டில் பொருத்தப்படவே இல்லை. அன்று ரசீதைப் பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் வீட்டிலும் எல்லாம் அணைத்த பிறகு மீட்டர் விளக்கு மின்னினால், அடுத்த நாளே உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மின்னவில்லையென்றால் ஒவ்வொரு சாதனமாகப் போட்டு எண்ணுங்கள். சூடாக்குவதும் குளிராக்குவதும்தான் பெருந்தீனி என்பது உடனே தெரிந்துவிடும். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 3.5 யூனிட் வேண்டும். ஹீட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தண்ணீரின் அளவும் சூடும் குறைந்தால்தான் யூனிட் குறையும். வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் ஹீட்டருக்கு மட்டும் அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். மாடியில் வெயில் இருந்து, குளிக்க வெந்நீர்தான் உங்கள் பெரிய செலவு என்றால், மின்சாரம் தயாரிக்கும் பேனலை விட்டுவிட்டு, தண்ணீரை நேரடியாகச் சூடாக்கும் சோலார் ஹீட்டரைப் பற்றி முதலில் விசாரியுங்கள். செலவும் இடமும் குறைவு.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது. மாற்றுவது சின்னச் செலவுதான். டிவியோடு இருக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் எடுத்தாலும், ஆண்டு முழுவதும் அணைக்காமல் விட்டால் 88 யூனிட் ஆகும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, நாளுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் உங்கள் கையில் நிற்கும். பேனல் கணக்கை அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். 11 யூனிட்டுக்கு வாங்கும் பேனலும் 7 யூனிட்டுக்கு வாங்கும் பேனலும் ஒரே கடன் அல்ல.

கேள்வி: எங்களுக்கு நாளுக்கு 9 யூனிட் செலவாகிறது. நானும் மனைவியும் வேலைக்குப் போவதால் பகலில் வீடு பூட்டியிருக்கும். சோலார் விற்பனைப் பிரதிநிதி 5 கிலோவாட் போடச் சொல்கிறார். மாடியில் தண்ணீர்த்தொட்டியும், பக்கத்தில் ஒரு பெரிய மரமும் உண்டு. அவர் சொல்வது சரியா, அம்மா?

பதில்: தம்பி, அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியை உங்கள் மின்வாரியத்திடம் கேளுங்கள்: நான் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு என்ன கணக்கு?

காரணம் சொல்கிறேன். வெயில் நன்றாக அடிக்கும் பகுதியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மேகமும் நீண்ட குளிர்காலமும் உள்ள பகுதியில் 2.5 யூனிட் கிடைத்தாலே நல்லது. 5 கிலோவாட் என்றால் வெயில் பகுதியில் 20 யூனிட். உங்கள் செலவோ 9, அதிலும் பகலில் ஓடுவது ஃபிரிட்ஜும் சில்லறைச் சாதனங்களும்தான். மிச்சமெல்லாம் மின்வாரியத்தின் கம்பி வழியே வெளியே போகும். வெளியே போன யூனிட்டை, நீங்கள் இரவில் எடுக்கும் யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கழிக்கும் நெட் மீட்டரிங் முறை இருந்தால் 2.5 கிலோவாட் உங்களுக்குப் போதும். வெளியே போவதற்குக் குறைந்த விலை, உள்ளே வருவதற்கு முழு விலை என்றால் 1.5 கிலோவாட்டுக்கு மேல் போடாதீர்கள். துணி துவைப்பதையும் தண்ணீர் மோட்டாரையும் டைமர் வைத்து நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பகலில் நீங்களே செலவழிக்கும் யூனிட்டுக்குத்தான் முழு மதிப்பு. இந்த ஒரு விதியைக் கேட்காமல் பெரிதாகப் போட்டுவிட்டு வருந்தியவர்களின் கடிதங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

அடுத்தது நிழல். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

என் வீட்டில் பேனல் போடுவதற்கு முன், சூரியன் தாழ்வாகப் போகும் மாதத்தில் ஒரு விடுமுறை நாள் முழுவதும் மாடியில் இருந்தேன். கையில் ஒரு சாக்குக்கட்டி. காலை 8 மணியிலிருந்து மணிக்கொருமுறை தண்ணீர்த்தொட்டியின் நிழலையும், கைப்பிடிச் சுவரின் நிழலையும், டிவி ஆன்டெனா கம்பியின் நிழலையும் தரையில் கோடு இழுத்து, பக்கத்தில் நேரத்தை எழுதினேன். மாலை 4 மணிக்குப் பார்த்தால் தரையெல்லாம் விசிறி விரித்தாற்போல் கோடுகள். கோடு எதுவும் தொடாத இடம் தளத்தின் நடுவில், கொஞ்சம் கிழக்கே தள்ளி இருந்தது. பேனல் பொருத்த வந்தவர் தொட்டியை ஒட்டி ஒரே வரிசையாக வைக்க அளவெடுத்திருந்தார். அவரை மாடிக்குக் கூட்டிப்போய்க் கோடுகளைக் காட்டினேன். இரண்டு பேனல்களை இடம் மாற்றினார். ஆன்டெனா கம்பியை நானே கழற்றச் சொல்லிவிட்டேன்.

ஒரு மெல்லிய கம்பியின் நிழல் என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் சின்னச் சின்ன செல்கள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. ரப்பர் குழாயை ஓரிடத்தில் நெரித்தால் முழுக் குழாயிலும் தண்ணீர் குறைவதுபோல, ஒரு செல் நிழலில் இருந்தால் அந்தச் சங்கிலி முழுவதும் தளர்ந்துவிடும். இதைத் தாண்டிப்போகப் பொதுவாக ஒரு பேனலுக்கு மூன்று பைபாஸ் டயோடுகள் வைத்திருப்பார்கள். அப்படியும் ஒரு செல்லின் நிழலுக்கு அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடக்கூடும். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் பெட்டிதான் சோலார் இன்வெர்ட்டர். நிழலைத் தவிர்க்கவே முடியாத மாடியில் பேனலுக்கொன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டியைப் போடலாம். விலை கூடும், ஆனால் ஒன்றின் நிழல் மற்றதைப் பாதிக்காது. உங்கள் பக்கத்து மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். அதன் நிழல் உங்கள் சுவரில் விழுந்து வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கக்கூடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேனல் நிலநடுக்கோட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். வட கோளத்தில் இருப்பவர்களுக்குத் தெற்கு, தென் கோளத்தில் வடக்கு. சாய்வு உங்கள் ஊரின் அட்சரேகை அளவை ஒட்டி இருந்தால் நல்லது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களிலும் 10 டிகிரியாவது சாய்த்தால்தான் மழை தூசியைக் கழுவும். பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. அட்டையில் அச்சிட்ட வாட் அளவு செல் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. நல்ல வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறைந்துகொண்டே போகும். அதனால் அடியில் காற்றோட ஒரு சாண் இடைவெளியாவது கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சோலார் போட்டு மூன்று மாதம் ஆகிறது. நேற்று நண்பகலில் மின்தடை. கொளுத்தும் வெயிலில் 3 கிலோவாட் பேனல் இருந்தும் வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஏமாற்றப்பட்டுவிட்டோமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. ஆனால் சாதனத்தில் பழுதில்லை. இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தவறு அங்கேதான்.

என் அப்பா மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவர். இரவில் மழையில் அழைப்பு வந்தால், டார்ச்சும் இடுக்கியும் ரப்பர் கையுறையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போவார். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பும்வரை அம்மா தூங்கமாட்டார். அப்பா கம்பத்தில் கை வைக்குமுன் அந்தப் பாதையில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் கை வைப்பார். தடையின்போது உங்கள் மாடிப் பேனல் மட்டும் மின்சாரத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால், சரிசெய்ய வந்தவர் செத்த கம்பி என்று தொடுவது உயிருள்ள கம்பியாக இருக்கும். அதற்காகவே, வெளி மின்சாரம் நின்ற நொடியில் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைத் துண்டித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

தடையின்போதும் வீட்டுக்குள் மின்சாரம் வேண்டுமானால், வெளிப்பாதையிலிருந்து வீட்டைப் பிரித்துக்கொண்டு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பேட்டரியைப் பெரிதாக வாங்கி விடாதீர்கள். புது வகை மின்விசிறி 30 வாட், இரண்டுக்கு 60. எல்.இ.டி. விளக்கு 9 வாட், நான்குக்கு 36. ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் சராசரியாக 50 என்று வையுங்கள். வைஃபை பெட்டிக்கு 10. மொத்தம் 156 வாட், 6 மணி நேரத்துக்கு 1 யூனிட்கூட ஆகாது. இதற்கு 2 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி தாராளம். ஈய அமில பேட்டரியில் பாதிவரைதான் இறக்கலாம், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும். ஏசியையும் ஹீட்டரையும் பேட்டரியில் ஓட்ட நினைத்தால்தான் செலவு எகிறும்.

கேள்வி: பேனல் விலை குறைந்துகொண்டே வருகிறதே. இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்கலாமா? போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்?

பதில்: 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் நடைமுறைக்கு உதவும் முதல் சிலிக்கான் சோலார் செல்லைக் காட்டியபோது, அதன் மேல் விழுந்த ஒளியில் 6 விழுக்காடுதான் மின்சாரமாயிற்று. நான்கே ஆண்டில் வான்கார்ட்-1 செயற்கைக்கோளில் ஏறியது. அவ்வளவு விலைக்கு வேறெங்கும் வாங்க ஆளில்லை. இன்று வீட்டு மாடியில் வைக்கும் பேனல் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 2010-லிருந்து பத்தாண்டில் பேனல் விலை சுமார் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. ஆனால் இப்போது நீங்கள் கொடுக்கும் மொத்தத் தொகையில் இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், வயர், கூலி ஆகியவையே பெரும்பங்கு. அவை அந்த வேகத்தில் இறங்கவில்லை. பேனல் விலைக்காக மட்டும் காத்திருப்பதில் பெரிய லாபம் வராது.

பணம் திரும்பும் காலத்துக்கு என்னிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. மொத்தச் செலவை உங்கள் ரசீதின் மேல்படி யூனிட் விலையால் வகுங்கள். 20,000 வந்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் 20,000 யூனிட்டை முன்பணம் கொடுத்து வாங்குகிறீர்கள். 2 கிலோவாட் பேனல் வெயில் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 யூனிட் தரும். எல்லாவற்றையும் நீங்களே பயன்படுத்தினால் 7 ஆண்டு. பாதியைக் குறைந்த விலைக்கு வெளியே அனுப்பினால் அது 9 ஆகலாம், 10 ஆகலாம். கடன் என்றால் வட்டியையும் முதலிலேயே செலவோடு கூட்டிவிடுங்கள். 10 முதல் 15 ஆண்டுக்குள் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்ற வேண்டியிருக்கும், அதையும் கூட்டுங்கள். பேனல் ஆண்டுக்கு அரை விழுக்காடு அளவுக்குத்தான் தேயும், 25 ஆண்டுக்கு உத்தரவாதம் தருவது வழக்கம். அதே 25 ஆண்டு மாடித்தளம் தாங்குமா என்று பாருங்கள். தளத்தில் ஒழுக்கு இருந்தால் பேனல் போடுமுன் சரிசெய்யுங்கள். பிறகு கழற்றி மாட்டும் கூலி வீண்.

கேள்வி: வாடகைக்கு அடுக்ககத்தில் இருக்கிறோம். எங்களுக்கு வழியே இல்லையா?

பதில்: பால்கனியில் மாட்டும் சின்னப் பேனல்கள் சில நாடுகளில் வந்துவிட்டன. ஜெர்மனியில் 2024 முதல் 800 வாட் வரை எளிய பதிவோடு அனுமதி. உங்கள் பகுதியின் விதியைக் கேட்டுக்கொள்ளாமல் எந்தப் பேனலையும் வீட்டு பிளக்கில் செருகிவிடாதீர்கள். குடியிருப்போர் சங்கத்தில் பேசி, பொது மாடியில் பேனல் போட்டு, லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பயன்படுத்தினால் பராமரிப்புக் கட்டணம் குறையும். வீடு மாறும்போது எடுத்துப்போகக்கூடிய 30 வாட் மின்விசிறியை வாங்குவது இன்றைக்கே செய்யக்கூடியது.

கேள்வி: எனக்கு வயது 74. மனைவிக்கு மூச்சுத்திணறல் உண்டு. கட்டணத்துக்குப் பயந்து இரவில் விசிறியை அணைத்துவிடுகிறோம். அவள் உட்கார்ந்தே விடிய வைக்கிறாள். எங்கள் மாடியில் சோலார் போட்டால் இந்தப் பயம் தீருமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சோலாரைப் பிறகு பேசுவோம்.

பழைய விசிறி 75 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். மாதம் முழுவதும் ஓடினால் 18 யூனிட். 2 கிலோவாட் ஹீட்டர் அரை மணி நேரம் எரிந்தாலே 1 யூனிட். உங்கள் ரசீதை ஏற்றியது அந்த விசிறி அல்ல. விசிறியை மாற்ற முடிந்தால் இரவுக்கு 0.24 யூனிட்டோடு முடியும், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் நோயாளி இருந்தாலோ மருத்துவக் கருவி ஓடினாலோ சலுகையும், பாக்கியைத் தவணையில் கட்டும் வசதியும் பல இடங்களில் உண்டு. மருத்துவர் சீட்டோடு மின் அலுவலகத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளை யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி மூன்று ரசீதுகளின் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள். வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். எங்கே குறைக்கலாம் என்று பார்த்து நானே எழுதுகிறேன். இன்று இரவு விசிறி ஓடட்டும்.